டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் கேட்டார்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உட்கார்ந்து படிங்க.

2023 பிப்ரவரி. ஓசூர் - ராயக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கும் என் கிளினிக்குக்கு ஒரு விவசாயி வந்தார். உத்தனப்பள்ளி பக்கத்துக் கிராமம். ஐம்பது தாண்டிய வயது. பெயர் வேண்டாம். கூடவே மகள், பாலிடெக்னிக் கடைசி வருஷம். தலை சுத்துது என்றார். பிரஷர் 170/100. பத்து நிமிஷம் உட்கார வெச்சு மறுபடி பார்த்தேன். 166/100.

"தூக்கம் எப்படிண்ணா?"

"அந்தத் தாளைப் பார்த்ததுல இருந்து எங்க சார் தூக்கம்?"

கையில் இருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். சர்வே எண்கள் வரிசையா இருந்தது. அதில் ரெண்டு எண்ணுக்குக் கீழே பேனாவில் கோடு போட்டிருந்தார்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளில் சிப்காட் தொழிற்பேட்டைக்காக 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் திட்டம். எதிர்த்து 2023 ஜனவரியில் உத்தனப்பள்ளி வருவாய் ஆய்வாளர் அலுவலகம் முன்னால் விவசாயிகள் காத்திருப்புப் போராட்டம் தொடங்கினாங்க. நாள் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில் உட்கார்ந்தாங்க. பந்தலிலேயே சமையல். என்னிடம் வந்தவரும் அங்கிருந்துதான் வந்திருந்தார்.

இந்தப் பக்கம் சானமாவு காடு. ராகி அறுவடை சமயத்தில் யானைக் கூட்டம் வரும். ராத்திரி முழுக்கக் காவல் இருந்து பழகின மனுஷங்க. அவர் சொன்னது: "யானையைப் பட்டாசு வெடிச்சு விரட்டிரலாம் சார். இதை என்னத்த வெச்சு விரட்டுறது?"

மாத்திரை எழுதினேன். உப்பைக் குறைங்க, ஒரு வாரம் கழிச்சு வாங்க என்றேன். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"பேக்டரி வந்தா ஜனங்களுக்குச் சீக்கு வரும்னு லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க சார். டாக்டர் சொன்னா கலெக்டர் கேப்பாரு."

முடியாது என்றேன்.

இப்போ என் கதையைக் கொஞ்சம் சொல்லியாகணும். எங்க அப்பா ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்தவர். 1970-களில் அந்தத் தொழிற்பேட்டை வராமல் போயிருந்தால் நான் டாக்டர் ஆகியிருக்க மாட்டேன். பேக்டரின்னாலே விஷம்னு எழுத என் கை வராது. தொழிற்சாலைகளில் பல வகை இருக்கு. வாட்ச் கோக்கிற இடமும் குரோமியம் உப்பு காய்ச்சுற இடமும் ஒண்ணாகாது. என்ன ஆலை வரப்போகுதுன்னே தெரியாமல் என்ன நோய் வரும்னு நான் எப்படி எழுத?

சொன்னேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "என்ன பேக்டரின்னே சொல்லாம நெலத்தைக் கேக்கிறாங்களே, அது மட்டும் சரியா சார்?"

அன்னிக்கு ராத்திரி சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். மத்திய அரசின் 2013 நில எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தணும். யார் வாழ்வு எப்படிப் பாதிக்கும், இந்த நிலம் உண்மையிலேயே வேணுமான்னு ஊர் ஊரா விசாரிக்கிற ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் வருஷத்து மாநிலச் சட்டத்தில். அதில் இந்த மதிப்பீடு கிடையாது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. மாநில அரசு அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு அதை உயிர்ப்பித்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது.

இன்னொண்ணு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள்ளே வரும் ஆலைகளுக்குத் தனித்தனியாகப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்த வேண்டியதில்லை. பேட்டைக்கு ஒரு தடவை அனுமதி வாங்கியாச்சுன்னா, பின்னாடி உள்ளே வருகிற ஆலைக்கு ஊரைக் கூட்டி யாரும் கேட்க மாட்டாங்க. இதைப் படிச்சப்போதான் அந்தப் பந்தலில் அவங்க ஏன் அப்படி உட்கார்ந்திருக்காங்கன்னு எனக்கு உறைச்சது.

ஒரு டாக்டரா என்னைத் தொந்தரவு செய்தது வேற. ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை 1990-களில் மூடிவிட்டுப் போனது. விட்டுட்டுப் போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் மஞ்சளா ஊறுது. ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதில் மருத்துவ உலகில் சந்தேகமே இல்லை. ஆனா அந்த ஊரில் ஒரு தனி மனிதருக்கு வந்த நோய் இதனால்தான்னு நிரூபிக்கச் சொன்னால், நான் முதலில் தேடுவது ஆலை வருமுன் அந்த ஊர் ஜனங்களின் உடம்பு எப்படி இருந்தது என்ற பதிவு. அந்தப் பதிவு பெரும்பாலும் எங்கேயும் இருக்காது.

கடலூர் சிப்காட் கதை இன்னும் சுவாரசியம். அங்கே ஊர்க்காரங்களே நோட்டுப் போட்டாங்க. எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், என்ன நாத்தம். 2004-ல் பக்கெட்டும் பையும் வெச்சு காற்றைப் பிடிச்சு லேபுக்கு அனுப்பினாங்க. இருபதுக்கு மேற்பட்ட ரசாயனங்கள் தெரிந்தது, சில புற்றுநோய் உண்டாக்குபவை. அதுக்கு முன்னால் "கம்ப்ளைண்ட் பண்ற ஜனங்க"ன்னு ஒதுக்கின அதிகாரிகள் அதுக்கப்புறம் பதில் சொல்ல வேண்டி வந்தது.

ஒரு வாரம் கழிச்சு அவர் வந்தார். 150/94. சர்டிபிகேட் தர முடியாது, வேற ஒண்ணு செய்றேன் என்றேன். பீக் ப்ளோ மீட்டர்னு ஒண்ணு இருக்கு. சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் குழாய். மூச்சை இழுத்து ஒரே ஊதா ஊதினால் நுரையீரல் எவ்வளவு வேகமாகக் காற்றைத் தள்ளுதுன்னு முள் காட்டும். மூணு தடவை ஊதினார். பெரிய எண் 410. இருநூறு பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, தேதி, வயது, உயரம், பீடி உண்டா, வீட்டில் விறகடுப்பா, தோட்டத்துக்கு மருந்து அடிப்பாரா எல்லாம் எழுதினேன்.

கடைசிக் கேள்வி முக்கியம். இந்தப் பக்கம் ரோஜாவும் தக்காளியும் குடமிளகாயும் மருந்து இல்லாமல் வளர்வதில்லை. மாஸ்க் போடாமல் பசுமைக்குடிலுக்குள் மருந்து அடிச்சு, வாந்தியும் மயக்கமுமாக என்னிடம் வந்தவங்க நிறைய. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குறதையும் பார்க்கிறோம். பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் இறங்கி வருது. சொர்க்க பூமியில் பேக்டரி வந்து கெடுக்கப் போகுதுன்னு எழுதினால் அது பொய்க் கணக்கு. இருக்கிற கெடுதலையும் இப்பவே எழுதி வெச்சால்தான் பிறகு வருவதைப் பிரிச்சுப் பார்க்க முடியும்.

அந்த மூணு ஊரிலிருந்து யார் காய்ச்சலுக்கு வந்தாலும், சம்மதம் கேட்டு, ஊதச் சொல்ல ஆரம்பிச்சேன். பெயருக்குப் பதில் எண். பிரஷரும் சேர்த்து எழுதினதில், காத்திருப்புப் பந்தலில் இருந்து வந்தவங்க பல பேருக்கு அது ஏறித்தான் இருந்தது. இது ஆராய்ச்சி இல்லை, என் கிளினிக்குக்கு வந்தவங்க மட்டும்தான். ஆனாலும் கல் நடுவதற்கு முன்னாலேயே உடம்பு கெட ஆரம்பிச்சிடுதுன்னு எனக்குத் தோணிச்சு. அதை எந்த நஷ்டஈட்டுப் பட்டியலிலும் பார்த்ததில்லை.

2024 செப்டம்பர் 28 காலையில் இதே பகுதியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்த செய்தி நாடு முழுக்கப் போனது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. அந்த மாதிரி ஒரு நாள் எந்த ஆலையிலும் வரலாம். அன்னிக்கு ஒரு டாக்டர் கையில் நேற்றைய எண் இருக்கணும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னென்ன ரசாயனம் இருக்குங்கிற பட்டியல் இருக்கணும். இது ரெண்டும் செலவில்லாத வேலை.

போன வாரம் அவர் வந்தார். 134/86. ஊதினார், 400.

"பத்து கொறைஞ்சிடுச்சே சார்?"

"பத்தெல்லாம் கணக்கே இல்லண்ணா. நேத்து தூங்கலேன்னாலும் கொறையும்."

மகளும் வந்திருந்தாள். இப்போ ஒரு கம்பெனியில் வேலை, கழுத்தில் ஐடி கார்டு. அப்பாவின் மாத்திரைக்குக் காசு அவள்தான் கொடுத்தாள். சில நாளா இருமல் என்றாள். சளி இல்லை, நெஞ்சில் சத்தம் இல்லை, எக்ஸ்ரே தெளிவு. இது வைரஸா, தூசியா, வேலை செய்யும் இடத்து ஏசியா, என்னால் சொல்ல முடியலை. ஊதச் சொன்னேன். 320. அவள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

எப்பவுமே இவளுக்கு இவ்வளவுதானா, இல்ல குறைஞ்சிருக்கான்னு பார்க்க நோட்டைப் புரட்டினேன். 2023-ல் அப்பா ஊதும்போது பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பொண்ணு, நல்லாத்தானே இருக்கான்னு அவளை நான் ஊதச் சொல்லவே இல்லை.