மாட்டுக்குப் பல் பார்க்கிறோம், சாஃப்ட்வேருக்கு?

மாட்டுச் சந்தையில் கவனித்திருக்கிறீர்களா? துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால், வாங்க வந்தவர் ஒரு ஆராய்ச்சியே நடத்திவிடுவார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலடி நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார். விவரமான ஆளாக இருந்தால், ''நாளைக்குக் காலையிலே வர்றேன், என் கண் முன்னாலே கறந்து காட்டு'' என்பார். விற்கிறவர் சொல்லும் லிட்டர் கணக்கைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அதே மனிதர் கடைக்கு பில் போடும் சாஃப்ட்வேர் வாங்கும்போது? டை கட்டிய ஒரு பையன் லேப்டாப்பைத் திறக்கிறான். 'ஏபிசி டிரேடர்ஸ், ஐட்டம் ஒன்று, பத்து ரூபாய்' என்று ஒரு பில் போட்டுக் காட்டுகிறான். வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வருகிறது. பில்லின் தலையில் கலரில் பிள்ளையார் வேறு. ''பேஷ்!'' என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்.

என் சித்தப்பா இந்த இரண்டாவது ரகம். சிமென்ட், பெயின்ட், ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறார். போன வருஷம், அதாவது 2025 அக்டோபரில், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

''டேய், நீ பி.காம்.தானே? கல்லாவுல தினமும் பணம் குறையுது. என்னன்னு பாரு'' என்றவர், குரலைத் தாழ்த்தி, பில் போடும் அக்கா இருந்த பக்கமாகக் கண்ணைக் காட்டினார்.

அந்த அக்கா பத்து வருஷமாக அங்கே வேலை செய்கிறார். நான் போனபோது ''வாங்க தம்பி'' என்று சொன்னதோடு சரி. அந்த மாதச் சம்பளத்தில் குறைந்த பணத்தைப் பிடித்துவிட்டாராம் சித்தப்பா. 1,140 ரூபாய்.

பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டது. 2025 செப்டம்பர் 22-ம் தேதி சிமென்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தின வாரம் வீடு கட்டுகிறவர்கள் வாங்கிப் போன மூட்டைகளில் மிச்சமானதை, 22-க்கு அப்புறம் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூட்டை 300 ரூபாய், வரி 84, ஆக 384 என்று அவர்கள் கையில் பழைய பில் இருக்கிறது. எந்த வரியில் விற்றோமோ அந்த வரியில்தான் திரும்ப எடுக்க வேண்டும். அக்கா பில்லைப் பார்த்து 384 கொடுத்திருக்கிறார். கடையில் இருந்த சாஃப்ட்வேரோ, புது வரியைப் போட்டு 354 என்று எழுதிக்கொண்டிருக்கிறது. மூட்டைக்கு முப்பது ரூபாய் உதைக்கிறது. திரும்பி வந்தது 38 மூட்டை. முப்பதால் பெருக்கிப் பாருங்கள்!

சித்தப்பா பெருக்கிப் பார்த்தார். இரண்டு தடவை.

'கம்ப்யூட்டர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்' என்கிற நம்பிக்கை நம்மூர் வியாதி மட்டுமில்லை. இங்கிலாந்தில் தபால் நிலையங்களுக்கு 1999-லிருந்து 'ஹொரைசான்' என்று ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வைத்தார்கள். கல்லாவில் பணம் குறைவதாக அது சொன்னது. அதை நம்பி, 2015 வரை, 900-க்கும் அதிகமான பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு, சொத்தை விற்றவர்கள் உண்டு. சாஃப்ட்வேரில் கோளாறு இருந்ததை 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-ல் பார்லிமென்ட்டில் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அங்கே 900 பேர், இங்கே ஒரு அக்கா. கணக்கு என்னவோ ஒன்றுதான்.

சரி, புது சாஃப்ட்வேர் வாங்குவது என்று முடிவாயிற்று. மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இந்தத் தடவை டெமோ கிடையாது, பரீட்சைதான் என்று சொல்லிவிட்டேன்.

கேள்வித்தாள் எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? ஆணியில் குத்தி வைத்திருந்த நிஜ பில்களை எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டேன். மொத்தம் 41. பாதி மூட்டை ஜல்லி, 2 கிலோ 375 கிராம் ஆணி, பாதி கடன் பாதி ரொக்கம், பில் போட்ட பிறகு 'வேண்டாம்' என்று போனவர், அந்த விவகாரம் பிடித்த சிமென்ட் ரிட்டர்ன், எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விடையை முன்னாலேயே கையால் போட்டு வைத்துக்கொண்டேன். விடை தெரியாமல் பேப்பர் திருத்த முடியுமா?

மூவருக்கும் கடையிலிருந்த அதே பழைய கம்ப்யூட்டர். தயார் செய்துகொள்ள ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு மவுஸை யாரும் தொடக்கூடாது. பில் போடப்போவது அக்கா. ஒரு பையன் பதறினான். ''சார், நானே போட்டுக் காட்டறேனே!'' ஏம்ப்பா, தினமும் காலை ஒன்பது மணிக்கு நீயா வந்து உட்காரப் போகிறாய்?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதே 41 பில்லை மூன்றாவது தடவை அடிக்கும்போது அக்காவுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. கடைசியில் வந்தவர் ஜெட் வேகத்தில் முடித்ததாகக் கணக்கு வந்தது. அது அவர் சாஃப்ட்வேரின் சாமர்த்தியமா, அக்காவின் விரல் சாமர்த்தியமா? அடுத்த நாள் வரிசையைத் தலைகீழாக மாற்றி மறுபடி நடத்தினேன். முதல் நாள் கடைசியாக வந்தவருக்கு வேகம் பாதியாக இறங்கிவிட்டது. இரண்டு நாள் சராசரியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

நடுவில், பாதி பில்லில் இருக்கும்போது, பிளக்கைப் பிடுங்கினேன். வந்தவர் ஒருவர், ஆக்ஸிஜன் குழாயையே பிடுங்கிவிட்ட மாதிரி அலறினார். கரண்ட் திரும்பியதும் முன்னால் போட்ட பில்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று எண்ணினோம். அவருடையதில் இரண்டு பில் அம்பேல்! அலறியதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மார்க் போடுவதில்தான் சித்தப்பாவோடு சண்டை. அழகுக்கு நாற்பது மார்க் வேண்டும் என்றார். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ஞாபகம் வந்தது. கணக்கில் நூறு வாங்கினாலும் தமிழில் 34 என்றால் ஃபெயில்தானே? மொத்த மார்க்கைக் காட்டி யாரும் தப்பிக்க முடியாது. அந்த மாதிரி, நாலு விஷயத்தில் பாஸ், ஃபெயில் மட்டும் வைத்தோம். 41 பில்லும் பைசா சுத்தமாக வர வேண்டும். பிளக் பிடுங்கினால் எதுவும் தொலையக்கூடாது. போட்ட பில்லை யார், எப்போது திருத்தினார்கள் என்று அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். (2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளுக்கு இது கட்டாயம். சித்தப்பா கடை கம்பெனி இல்லை. ஆனாலும் அக்காவுக்காக வைத்தேன்.) கடைசியாக, நம் கணக்கு முழுக்க எக்ஸெல்லில் வெளியே வர வேண்டும். வாடகை வீடு பார்க்கும்போதே காலி செய்யும் நாளையும் யோசிக்க வேண்டும் இல்லையா?

இதைத் தாண்டினால்தான் மார்க். வேகத்துக்கு 30, சரக்கு இருப்புக் கணக்குக்கு 25, கூப்பிட்டால் வருவதற்கு 20, ஐந்து வருஷச் செலவுக்கு 15. அழகுக்கு 10 கொடுத்து சித்தப்பாவைச் சமாதானம் செய்தேன். யாருடைய சாஃப்ட்வேரையும் பார்ப்பதற்கு முன்னாலேயே இதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பார்த்த பிறகு எழுதினால், பிடித்தவருக்குத் தோதாகப் பேனா வளையும். என் பேனா உள்பட.

கூப்பிட்டால் வருகிறார்களா என்று எப்படிச் சோதிப்பது? சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மூவருக்கும் போன் போட்டோம். ஒருவர் பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். ஒருவர் திங்கட்கிழமை. ஒருவரின் போனில் பாட்டு மட்டும் நன்றாக இருந்தது.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், ஒருவர் எனக்கு இலவசமாக ஒரு காப்பி தருவதாகச் சொன்னார். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதே! பார்ப்பதுதான் அப்போது என் வேலை. வேண்டாம் என்றுவிட்டேன். அவர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்தது நிஜம்.

பிள்ளையார் போட்ட சாஃப்ட்வேர் சிமென்ட் ரிட்டர்னில் 354 என்றது. உடனே ஃபெயில் போட்டுவிடவில்லை. தப்பான பில்களை அவரிடமே காட்டினேன். ''அது செட்டிங் சார்'' என்றார். சரி, மாற்றுங்கள் என்று விட்டு, அக்கா மறுபடி போட்டார். ரிட்டர்ன் சரியாக வந்தது. ஆனால் பாதி கடன் பாதி ரொக்கம் கவிழ்ந்துவிட்டது. அப்புறம்தான் சிவப்பு மை. பிளக் பிடுங்கியவரும் அவுட். மிச்சமிருந்தவர் 71 வாங்கினார். அவருடைய பில்லைப் பார்க்க ரேஷன் கார்டு மாதிரிதான் இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

மார்க் ஷீட்டில் சாஃப்ட்வேரின் வெர்ஷன் நம்பரும் தேதியும் எழுதி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அடுத்த வெர்ஷன் வந்தால் மஞ்சள் பையை மறுபடி இறக்க வேண்டும். 1,140 ரூபாயை சித்தப்பா கவரில் போட்டுக் கொடுத்தார். அக்கா அங்கேயே எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் பக்கத்து மருந்துக் கடைக்காரர் அந்த மார்க் ஷீட்டுக்கு ஜெராக்ஸ் கேட்டார். 71 வாங்கியதையே தானும் வாங்கிக்கொள்கிறாராம். சித்தப்பாவின் சிமென்ட் பில்லில் பாட்ச் நம்பரும் எழுதுவதில்லை, கெடு தேதியும் எழுதுவதில்லை; மாத்திரை அட்டையைக் கத்திரித்து நாலு மட்டும் விற்பது மாதிரி சித்தப்பா மூட்டையைக் கத்திரிப்பதும் இல்லை என்று விளக்கினேன். உங்கள் பில்லை ஒரு பையில் போடுங்கள், பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்றேன். ''எத்தனை பில் வேணும்?'' என்று கேட்டிருக்கிறார்.