மரத்துக்கு வந்த தேமல்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாமரத்துக்குத் தேமல் வந்துவிட்டதென்றே அப்பா நம்பினார். பட்டை முழுக்க வெள்ளைத் திட்டு. அதன்மேல் யாரோ கறுப்பு மையில் கிறுக்கினாற்போலக் கோடுகள். "நோய் சார், மத்த மரத்துக்கும் பரவிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் பற்றவைத்தார். அப்பா அரிவாளால் சுரண்டிப் பார்த்தார். திட்டு போகவில்லை, பட்டைதான் வந்தது. கடைசியில் மரத்தையே வெட்டினோம்.

அது நோயே இல்லை சார்! லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு தரும், பாசி வெயிலில் சமைத்துப் போடும். மரத்திடம் கேட்பது ஒட்டிக்கொள்ள இடம் மட்டும். அந்தக் கிறுக்கல் வகைக்கு கிராஃபிஸ் என்று பேர். 'எழுது' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வளர்ச்சியோ ஆமை வேகம். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு. புகை மண்டிய ஊரில் பல லைக்கன்கள் தங்காது என்று 1866-லேயே பாரிஸில் நைலாண்டர் கண்டு சொல்லிவிட்டார்.

வேடிக்கை என்னன்னா, பிரியாணியில் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோமே கல்பாசி, அதுவும் லைக்கன்தான்! இதன் ஒன்றுவிட்ட சொந்தம்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வருஷம் ரெண்டு மூட்டை காய்ச்சுதுடா" என்றார்.