படகின் அடியில் ஒரு விரிப்பு



கடற்றொழில் செய்யும் வீடுகளில் வலையைப் பற்றியும் என்ஜினைப் பற்றியும் எந்நேரமும் பேச்சிருக்கும். கரையேறிய படகைத் தாங்கி நிற்கும் இரண்டு பலகைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் உங்களோடு சில வார்த்தைகள்.

நாங்கள் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்து ஜெயபுரத்தில். நாச்சிக்குடாவில் தொழில் செய்யும் என் நானா, கடல் கொந்தளிக்கும் நாட்களில் தன் பைபர் படகை ட்ரெயிலரில் ஏற்றி வந்து எங்கள் வளவில் விடுவார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வாப்பாவின் வள்ளம் கரையிலேயே நின்றுபோனது. புத்தளத்தில் வருடக்கணக்காகக் கூலி வேலை செய்து சேர்த்த காசில், 2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு வாங்கிய படகு இது. ஆறு பேருடைய சோறு அதில்தான்.

போன வருடம் அதன் அடியில் ஒரு நீளக் கீறல். பலகையைச் சுற்றியிருந்த கார்பட் நைந்து, அதைப் பிடித்திருந்த இரும்புப் பின் துருவேறி நீட்டிக்கொண்டு நின்றது. பைபர் படகுக்கு மேற்பூச்சுத்தான் தோல். அது கிழிந்தால் தண்ணீர் உள்ளே கண்ணாடி நாருக்குள் இறங்கிவிடும்.

"வீட்டுல கிடக்கிற பழைய கார்பட்ட எடுத்துச் சுத்துங்க மகன்" என்றார் உம்மா. சிக்கனம் நல்லதுதான். ஆனால் வீட்டுக் கார்பட் சிலவற்றின் அடியில் சணல் இருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரப் பாயைச் சுருட்டி வைத்தால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியாததா? மேலே விரிப்பு அழகாக இருக்க, உள்ளே பலகை உளுத்துவிடும். தண்ணீரில் மக்காத பிளாஸ்டிக் நூல் கார்பட்தான் இதற்கு ஏற்றது.

படகை இறக்கிப் பழைய டயர்கள் மேல் வைத்து, கீறலைப் பூசி அடைத்தார்கள். வெட்டும் வேலை எனக்கு. பலகை 4 அங்குல அகலம், 2 அங்குலத் தடிப்பு. 11 அங்குல அகலத்தில் வெட்டினால் மேலும் பக்கங்களும் மூடி, அடியில் இருபுறமும் ஒன்றரை அங்குலம் மடியும். நடுவே 1 அங்குலம் திறந்திருக்கும். தண்ணீர் வடிய அந்த இடைவெளி அவசியம். பின்களைப் பலகையின் அடிப்புறத்தில் மட்டும் அடிக்க வேண்டும். அவையும் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். போல்ட்டின் தலை மரத்துக்குள் புதைந்திருக்க வேண்டும். சுற்றுவதற்கு முன் பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் வளவிலும் படகு நின்றால், ட்ரெயிலர் கடலில் இறங்கி வந்ததும் விரிப்பின் மேல் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு விரிப்பைத் தடவி, பலகையை அழுத்திப் பாருங்கள். ஏதும் குத்தினாலோ, மரம் அமுங்கினாலோ உடனே சொல்லுங்கள். படகு கரையில் நிற்கும் நாட்களில் அதன் பக்கத்தில் இருப்பவர்கள் நாம்தானே!