ரங்கப் பிள்ளையின் கடைசிப் பக்கம்

பல வருஷங்களாக எழுதிவந்த டைரியை நிறுத்திவிடுவதென்று நான் தீர்மானித்த செய்தி எப்படியோ புதுச்சேரியிலிருக்கும் என் தாய்மாமன் காதுக்கு எட்டி, "நிறுத்துவதானால் நிறுத்திக்கொள், ஆனால் மொட்டையாக நிறுத்தாதே, ஆனந்தரங்கப் பிள்ளை செய்தாற்போல, வாசிக்கப்போகிறவர்களிடம் முறையாக உத்தரவு வாங்கிக்கொண்டு நிறுத்து" என்று அவர் ஒரு கார்டு எழுதிப் போட்டாரே, அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தச் சனி.

பிள்ளையவர்கள் தம் தினப்படிச் சேதிக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் பிற்கால ஜனங்களை நினைத்து விடைபெற்றுக்கொண்டார் என்பது எங்கள் தாய்வழிக் குடும்பத்தில் சிரஞ்சீவியாக உலவும் கதை. இதற்கு மூலபுருஷர் அம்மாவின் பெரியப்பா. கடலூரில் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். இராச் சாப்பாடு முடிந்து திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கண்ணொளி மங்கிப்போன பிள்ளை இனித் தம் கையால் எழுத இயலாதென்று குறித்து, பாரத்தைப் பகவான்மேல் போட்டுவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்த கட்டத்தைச் சொல்லும்போது பெரியவருக்கே தொண்டை அடைத்துவிடும் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்ட நாளிலிருந்தே இதில் எனக்கு ஒரு சம்சயம். கப்பல் வந்தால் எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார், எவன் யாரைப் பற்றி யாரிடம் கோள் சொன்னான் என்று 1736-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்திலிருந்து இருபத்துநான்கு வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டுபோன ஒரு துபாஷி, அத்தனை காலமும் ஏறிட்டுப் பாராத வாசகனைக் கடைசி நாளில் மட்டும் திரும்பிப் பார்த்துக் கும்பிடு போட்டார் என்பது அவருடைய சுபாவத்துக்கே ஒட்டவில்லை.

ஆகவே கன்னிமரா நூல்நிலையத்துக்குப் போய், சென்னை அரசாங்கம் 1904-இல் வெளியிடத் தொடங்கி 1928-இல் முடித்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பின் பன்னிரண்டாவது சம்புடத்தை வாங்கி, முன்பக்கத்தைத் தொடாமல் பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். குறிப்பு 1761 ஜனவரி 12-ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. நான்காம் நாள் புதுச்சேரி கூட் என்ற இங்கிலீஷ் தளபதியின் வசமாயிற்று. பிள்ளையும் அந்த நாட்களிலேயே காலமானார். வெளியே முற்றுகை, உள்ளே பஞ்சம், கட்டிலில் வியாதி. இத்தனைக்கும் நடுவே பட்டணத்துச் சேதிதான் ஓடுகிறதே தவிர, விடைபெறும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

இதை விவரமாக மாமாவுக்கு எழுதினேன். மறுதபாலில் பதில் வந்தது: "நீ பார்த்தது தர்ஜமா. தர்ஜமாவுக்கு ஆதாரம் ஒரு பிரதி. அந்தப் பிரதிக்கு மூலம் எங்கே?"

வக்கீல் குமாஸ்தாவாகவே ஆயுளைக் கழித்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! ஆனால் கேள்வி என்னவோ நியாயமானதுதான். பிள்ளையின் கையெழுத்துப் புஸ்தகங்கள் அவருடைய வம்சத்தார் வீட்டில் முடங்கிக் கிடந்தன. அவர் இறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1846-இல், கல்வா மோன்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் பிரதி செய்வித்தார். ஏரியல் என்பவர் எழுதுவித்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிரதி செய்தவன் ஓர் ஏட்டை விட்டிருக்கலாம். கரையான் ஒரு தாளைத் தின்றிருக்கலாம். இல்லாத தாளில் இன்னது எழுதியிருந்தது என்று மாமா சாதித்தால், இல்லை என்று ருசுப்படுத்த எந்தச் சாஸ்திரத்தில் இடமிருக்கிறது? இருக்கிற இடைவெளிகளையெல்லாம் தேதி வாரியாகக் குறித்துக்கொண்டு, ஒன்றாவது கடைசி வாரத்தில் விழாதா என்று நான் அலைந்ததை இப்போது நினைத்தால், அந்த நேரத்தில் என் டைரியையே ஒழுங்காக எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

முடிவில் நேரே புதுச்சேரிக்கே போய்விட்டேன். மாமா என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு ரங்கப்பிள்ளை வீதிக்குப் போய், பிள்ளையின் மாளிகைக்கு எதிரே நின்றபடி, கீழே நம் ஊர் மாதிரியும் மேலே சீமை மாதிரியும் எழுந்து நிற்கும் தூண்களைக் காட்டி, "இப்பேர்ப்பட்ட மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் போவானாடா?" என்று கேட்டார். அதை ஒரு சாட்சியமாகவே அவர் கருதினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வீடு திரும்பியதும் பெரியவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ரங்கோன் பாக்கி, தென்னந்தோப்புக் குத்தகை என்று காகிதங்கள். அடியில் அட்டை பிய்ந்த ஒரு புஸ்தகம். பூச்சி, முதுகிலிருந்து வயிறுவரை நேராக ஒரு துளை போட்டிருந்தது. 1940-இல் சரித்திர ஆசிரியர் சி. எஸ். ஸ்ரீநிவாஸாச்சாரியார் இங்கிலீஷில் வெளியிட்ட நூல் அது. ஆனந்தரங்கப் பிள்ளை என்ற பெயரின் கீழே, பிரெஞ்சிந்தியாவின் பீப்ஸ் என்று உபநாமம். பீப்ஸ் என்ற சொல்லின் அடியில் பெரியவர் ஊதாப் பென்ஸிலால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

சந்தோஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண் மங்குகிறதென்று சொல்லி, பகவானை வேண்டிக்கொண்டு, டைரிக்கு விடைகொடுத்தவர் லண்டன் கடற்படைக் காரியாலயத்து உத்தியோகஸ்தரான ஸாமுவேல் பீப்ஸ் அல்லவா! 1660 ஜனவரி முதல் தேதி தொடங்கியதை 1669 மே 31-ஆம் தேதி அவர் நிறுத்தினார். இனி வேண்டியதைத் தம் ஆட்களைக் கொண்டு எழுதுவித்துக்கொள்வதாகவும், ஆகையால் ஊரறியத் தகுந்ததை மட்டுமே எழுதுவிக்க முடியுமென்றும் வருத்தத்தோடு குறித்தார். வகுப்பில் பீப்ஸைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ரங்கப் பிள்ளையைப் படித்த பெரியவர், ஒருவருடைய கண்ணை மற்றவர் முகத்தில் பொருத்திவிட்டார். இன்னொரு வேடிக்கை: பீப்ஸுக்குக் கண் போகவே இல்லை. 1703 வரை உயிரோடிருந்தார்.

மாமா புஸ்தகத்தை வாங்கித் தலைப்பைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு, "பீப்ஸ் முந்தியா, பிள்ளை முந்தியா?" என்றார். பீப்ஸ்தான் என்றேன். "சரிதானே! பிள்ளை அவனைப் பார்த்துச் செய்திருப்பார்" என்றார்.

பீப்ஸ் எழுதியது ஷெல்டன் என்பவருடைய சுருக்கெழுத்தில். ஆறு சம்புடங்களும் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி அலமாரியில் யாரும் வாசிக்காமல் கிடந்து, ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் 1819 முதல் மூன்று வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து விடுவித்த பிறகு, 1825-இல்தான் அச்சேறின. அந்தச் சுருக்கெழுத்தை விளக்கும் புஸ்தகம் அதே நூலகத்தில் இருந்தது ஸ்மித்துக்குத் தெரியவே தெரியாது. இதையெல்லாம் நான் விஸ்தாரமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கையில் மாமா காபிக்குச் சொல்ல உள்ளே போய்விட்டார்.

அவரைத் தோற்கடிப்பதற்காக ரங்கப் பிள்ளையின் கடைசி நாட்களைத் துருவியபோதுதான் நான் தேடாத ஒரு விஷயம் கையில் அகப்பட்டது. பிள்ளை போன பிறகும் அவர் வீட்டில் குறிப்பு நிற்கவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை, 1761 தொடங்கி 1768 வரை எழுதியிருக்கிறார். கோட்டையை இடித்துப் பட்டணத்தைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்; பெரியப்பாவோ போய்விட்டார்; இந்தப் பிள்ளையாண்டான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குப் பிறகு 1794-இல் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை என்று அதே வம்சத்தில் மற்றொருவர். பீப்ஸ் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசிய எழுத்தில் எழுதியவர். அதை முடிக்க ஒரு நாளும் அதற்கொரு வாசகமும் அவருக்கு வேண்டியிருந்தன. பிள்ளையின் குறிப்போ வீட்டுச் சொத்து. தோப்பையும் துரவையும் வைத்துவிட்டுப் போகிறவன் அவற்றினிடம் விடைபெற்றுக்கொள்வதில்லை.

என் டைரியை யாரும் சொத்தென்று ஏற்கப்போவதில்லை. என் தம்பி மகனுக்குத் தமிழ்க் கையெழுத்தே வாசிக்க வராது. ஆனாலும் உத்தரவு வாங்கிக்கொள்வதற்காக நான் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த முடிவுரையைக் கிழித்துவிட்டேன். கடைசிக் குறிப்பில், மின்சார பில் கட்டியதும், சாயங்காலம் தூறல் போட்டதும், மாவு மிஷின் பழுதானதால் அரிசி திரும்பி வந்ததும் இருக்கின்றன. அதன் பின் எழுதவில்லை.

மாமா மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போன வாரம் வந்த கார்டில் க்ஷேமலாபங்களை ஒரே வரியில் முடித்துவிட்டு, பாரிஸில் இருக்கும் பிரதியை நான் நேரில் பார்த்தேனா என்று கேட்டிருக்கிறார்.