சக்கரம் தொட்ட பிறகு

மின்னசோட்டா போன்ற வட அமெரிக்கக் குளிர்ப் பிரதேசங்களில் பனிக்காலத்திலும் விமானப் பயிற்சி நிற்பதில்லை. குளிர்க் காற்று அடர்த்தியானது. செஸ்னா 172 உற்சாகமாக மேலேறும். பயிற்றுநரின் கவலையெல்லாம் இறங்கிய பின் வரும் சில நொடிகளைப் பற்றித்தான்.

பனி மூடிய ஓடுபாதையில் மாணவர்கள் சிக்கும் விபத்துகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. சக்கரம் தரையைத் தொடுகிறது. 'இறங்கிவிட்டோம்' என்று மாணவர் மூச்சுவிடும்போதே கையும் காலும் தளர்ந்துவிடுகின்றன. பக்கக்காற்று வாலைத் தள்ள, மூக்கு திரும்புகிறது. பதறிப்போய் பிரேக்கை அழுத்துகிறார். உலர்ந்த தாரில் அது காப்பாற்றியிருக்கலாம். பனியிலோ சக்கரம் சுழலாமல் வழுக்குகிறது. வழுக்கும் சக்கரத்தால் விமானத்தைத் திருப்ப முடியாது. ஓரத்தில், பனி அகற்றும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன மேடு. ஒரு சக்கரம் அதில் புதைந்ததும் விமானம் சுழன்று, மூக்குச் சக்கரம் ஒடிந்து, புரொப்பெல்லர் வளைகிறது.

கால் பெடல்களால் திருப்பும் வால் சுக்கான் வேலை செய்வது காற்றோட்டத்தால். வேகம் இருக்கும்வரை அதுதான் துணை. அதனால்தான் விமானம் முழுதாக நிற்கும்வரை கால்கள் பெடலில் உயிரோடு இருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் தொண்டை வறளச் சொல்கிறார்கள். பிரேக் கடைசியில், அதுவும் மெதுவாக.

அனுபவசாலிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2015 மார்ச் 5 அன்று நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் டெல்டாவின் எம்டி-88 விமானம் பனியில் இறங்கி, இடப்பக்கம் விலகி, விரிகுடாக் கரை மேட்டில் மோதி நின்றது. நிறுத்துவதற்காக எஞ்சின்களின் எதிர்விசையை அளவுக்கு மேல் கொடுத்ததால் சுக்கான் பிடிமானம் இழந்தது என்பது விசாரணையின் முடிவு.

வேகமும் பொல்லாதது. 65 நாட் வேகத்தில் வர வேண்டியவர் பத்து சதவீதம் கூடுதலாக வந்தால், நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. கண்ணும் ஏமாற்றும்: எங்கும் வெள்ளையாக இருக்கையில் தரை எவ்வளவு கீழே என்பது பிடிபடாது, ஓர விளக்குகளே அளவுகோல்.

அமெரிக்காவில் 2016 முதல் ஓடுபாதையின் நிலையை 6 முதல் 0 வரை எண்ணால் அறிவிக்கிறார்கள். உலர்ந்த பாதைக்கு 6. கடுங்குளிரில் இறுகிய பனிக்கு 4. நீர் பூசிய பனிக்கட்டிக்கு 0. அந்த நீரைப் பூசும் வெயில் எட்டிப் பார்க்கும் மதியமே ஆபத்தானது என்பதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை.

பயிற்றுநர் பதிவேட்டில் எழுதும் வரம்பை மீறி மாணவர் தனியே பறக்க அமெரிக்க விதி இடம் தருவதில்லை. காற்றுக்கு வரம்பு எழுதும் பயிற்றுநர்கள் பனிக்கும் எழுதட்டும். மாணவரின் முதல் பனித் தரையிறக்கத்தில் பயிற்றுநர் அமரும் வலது இருக்கை காலியாக இருக்கக் கூடாது.