கிராஞ்சியில் ஒரு மல்லிகைச் சரம்

பள்ளி விடுமுறையில் என் மாணவர் அறுவரையும் பெற்றோர் இருவரையும் அழைத்துக்கொண்டு கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். புறப்படுமுன் தேக்காவில் ஒரு மல்லிகைச் சரம் வாங்கினோம். போரில் மாண்ட தமிழ் வீரர் ஒருவரின் கல்லறையில் அதை வைப்போம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

மேட்டின் சரிவெங்கும் வெண்ணிறக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இறந்த 4,461 பேர் இங்கு அடக்கம் செய்யப்பட்டோ நினைவுகூரப்பட்டோ உள்ளனர். 850க்கும் மேற்பட்ட கல்லறைகள் யாருடையவை என்றே தெரியாதவை. பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தேடினர். தமிழ்ப் பெயர் ஒன்றும் அகப்படவில்லை. உயர்நிலை ஒன்றில் பயிலும் மாணவி, "ஐயா, நம்மவர்கள் போருக்கே போகவில்லையா?" என்று கேட்டாள்.

பிழை என்னுடையது. சரியாகத் தெரிந்துகொள்ளாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். மேட்டின் உச்சிக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சிங்கப்பூர் நினைவகச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் இந்தியப் படையினர் ஆயிரக்கணக்கானோர். அதன் பின்புறம் உள்ள மற்றொரு நினைவகம், தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர். எரித்தவர்க்குக் கல்லறை ஏது?

பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. மாணவி ஒரு பெயரை ஆங்கிலம் போலவே படித்தாள். உடன் வந்த தாய் ஒருவர், அதை வீட்டில் எப்படி அழைத்திருப்பார்களோ அப்படி மெல்லச் சொன்னார். எல்லாரும் திரும்பச் சொன்னோம். மல்லிகைச் சரத்தை அச்சுவரின் அடியில் வைத்தோம்.

தோட்டப்புறங்களை விட்டு நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மடிந்த தமிழர்களுக்கு அச்சுவரில் இடமில்லை. அவர்கள் நின்றது எதிர்ப்பக்கம். அப்படையின் நினைவுச் சின்னத்திற்கு நேதாஜி 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு திரும்பிவந்த பிரிட்டிஷார் அச்சின்னத்தை இடித்துவிட்டனர். அவ்விடத்தைக் குறிக்கும் அடையாளம் 1995இல் எஸ்பிளனேட் பூங்காவில் நிறுவப்பட்டது. அடுத்த விடுமுறையில் அங்கும் செல்லவிருக்கிறோம். இருவரையும் எப்படி ஒருங்கே நினைப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு என்னிடம் எளிய விடை இல்லை.

பெற்றோர்களே, ஒருமுறை பிள்ளைகளைக் கிராஞ்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். கற்களோடு நின்றுவிடாமல் மேலே ஏறிச் சென்று, ஒரு பெயரையேனும் தமிழ் ஒலியில் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள்.