திங்கட்கிழமைக் காய்ச்சல்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை, சுத்தியல் சத்தமே கூட்டிப் போய்விடும். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு இங்கேதான் கேபினும் தொட்டியும் கட்டுகிறார்கள். நான் போன பட்டறையில் ஏழு பேர்.

அரைகுறையாக நின்ற கேபினுக்குள் குத்துக்காலிட்டு ஒருவர் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். மூன்று பக்கமும் தகரம். ராடு உருக உருக எழுந்த புகை, குனிந்திருந்த முகத்தைத் தடவிக்கொண்டுதான் மேலே போனது. கையில் கண்ணாடி வைத்த ஷீல்டு இருந்தது. மூக்கில் இருந்தது ஒரு பழைய துண்டு.

"கண்ணுக்குத்தாங்க பயம். ஷீல்டு இல்லாம ரெண்டு ராடு அடிச்சாப் போதும், ராத்திரி கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும்" என்றார். 22 வருட அனுபவம். செய்த தப்புக்குக் கண் அன்றைக்கே தண்டனை தந்துவிடுகிறது, அதனால் மரியாதை கிடைக்கிறது. நுரையீரலோ வருடக்கணக்கில் வாய் திறப்பதில்லை.

காய்ச்சல் வருமா என்று கேட்டேன்.

"பாடி வேலை இல்லாதப்ப கொட்டகை போடற வேலைக்குப் போவேனுங்க. ஜி.ஐ. பைப்புல அடிச்சா அன்னிக்கு ராத்திரி குளிரு தூக்கிப் போடும். வாயெல்லாம் காசைச் சப்புன மாதிரி இருக்கும். மொத நாளும் திங்கக்கிழமையும்தான் ஜாஸ்தி. மறுநாள் வேலைக்குப் போனாச் சரியாப் போயிரும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம். அது சூட்டில் ஆவியாகிப் புகையாக உள்ளே போனால், நான்கு முதல் பத்து மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் இறங்கிவிடும். தினமும் சுவாசித்தால் உடம்பு தற்காலிகமாகப் பழகிக்கொள்ளும். ஞாயிறு ஒருநாள் விட்டால் அந்தப் பழக்கம் போய், திங்களன்று மறுபடி காய்ச்சல் அடிக்கும். மருத்துவ நூல்களிலும் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்ற பெயர் உண்டு. ஆனால் உடம்பு பழகுவது காய்ச்சலுக்கு மட்டும்தான். புகை செய்யும் மற்ற வேலை எதுவும் நிற்பதில்லை.

வெல்டிங் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. துண்டின் இழை இடுக்குகள் அவற்றுக்குத் திறந்த வாசற்கதவு மாதிரி. இரும்பு, மாங்கனீசு, எவர்சில்வர் வேலை என்றால் குரோமியம், நிக்கல் எல்லாம் நுரையீரலின் அடிவரை போகின்றன. வெல்டர்களுக்கு நிமோனியா வந்தால் கடுமையாக வருகிறது. பிரிட்டனில் அவர்களுக்குத் தடுப்பூசியே பரிந்துரைக்கிறார்கள். 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்துவிட்டது.

பட்டறையில் இதற்கெல்லாம் மருந்து பாலும் வாழைப்பழமும் வெல்லமும். பால் போவது இரைப்பைக்கு. புகை போன இடத்துக்கு அது போய்ச் சேராது. இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. சொல்லாமல் வந்திருக்கவும் என்னால் முடியாது.

முதுகுக்குப் பின்னால் ஒரு ஃபேன் ஓடியது. பின்னாலிருந்து காற்று அடித்தால் புகை முகத்துக்கு முன்னாலேயே சுழன்று நிற்கும். பக்கவாட்டில் திருப்பி வைத்தோம், புகை விலகிப் போனது. பைப்பின் பூச்சை வெல்டு வைக்கும் இடத்தில் முதலில் தேய்த்து எடுப்பது, முகத்தைப் புகைக்கு நேராகக் கொடுக்காமல் தள்ளி உட்காருவது, துண்டுக்குப் பதில் மூக்கோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் போடுவது எல்லாம் நாளைக்கே செய்யக்கூடியவை. புகையை எழும் இடத்திலேயே இழுத்து வெளியேற்றும் குழாய் வைப்பது முதலாளியின் பொறுப்பு. கேபின் மாதிரி அடைபட்ட இடத்துக்கு அது இல்லாமல் தீராது.

இந்த ஏழு பேருக்கும் இ.எஸ்.ஐ. காப்பீடு கிடையாது. நோய் வந்தால் கைக்காசுதான்.

லாரிக்குப் பாடி கட்டக் கொடுக்கும் அண்ணன்மார்களே, பெயின்ட்டுக்கும் பலகைக்கும் பேரம் பேச உட்காரும்போது, உங்கள் கேபினுக்குள் எழும் புகை எந்த வழியாக வெளியே போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.